காணாமல் போன இரண்டு ஐந்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற செவ்வாயன்று பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கான வினா விடை வந்திருந்தது. அதில் நான்காம் வினாவின் விடையில், அமிலம் சேர்த்த ஃபெர்ரஸ் (இரும்பு) கரைசலோடு ஊதா நிறப் பெர்மாங்கனேட் வினைபுரிவதற்கான அயனிச் சமன்பாடு, அதாவது மின்சுமை ஏறிய அணுக்களைக் கொண்டு எழுதும் சமன்பாடு, தவறாக அச்சாகியிருந்தது. இரு பக்கமும் இரும்பு அயனிக்கு முன்னால் இருக்க வேண்டிய 5 என்ற எண்ணைக் காணோம். அஞ்சலட்டையில் இரண்டு வரி எழுதிப் போட்டேன். அச்சுப்பிழை யாருக்கும் நேர்வதுதான், அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் திங்களன்று தாங்கள் வெளியிட்ட விளக்கத்தைப் படித்த பிறகு விட முடியவில்லை. வாசகர் சுட்டிக்காட்டிய சமன்பாட்டைச் சரிபார்த்ததாகவும், இரு பக்கமும் எல்லா அணுக்களும் சம எண்ணிக்கையில் இருப்பதாகவும், எனவே பிழையில்லை என்றும் மூன்று வரி போட்டிருக்கிறீர்கள்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் வேதிக் குறியீடு ஒன்றுகூட இருக்காது. முன்பு ஒருமுறை நான் எழுதிய கடிதத்தில், நீரின் வாய்பாட்டில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய 2 அச்சில் எழுந்து மற்ற எழுத்துகளுக்குச் சமமாக நிமிர்ந்து நின்றது. கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாம் எழுத்தைச் சிறிதாகப் போடாமல் பெரிதாகப் போட்டால் அது உலோகமாக இராது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஆகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் வாக்கியமாகவே எழுதுகிறேன். சமையல் குறிப்பு போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பிலும் நான் அப்படித்தான். எது எதோடு சேர்ந்து எது ஆனது என்று வாயால் சொல்லிக் காட்டாதவரை யாரையும் சுண்ணக்கட்டியைத் தொட விட்டதில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் 34 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வயது 71. பேத்தி இந்த ஆண்டு பிளஸ் டூ. தங்கள் இணைப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பது அவள் வழக்கம். திங்கட்கிழமை அந்த மூன்று வரியையும் கத்தரித்து அதே பக்கத்தின் ஓரத்தில் ஒட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "ஆச்சி, நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன். அவர்கள் சொல்வது சரிதானே?"

அவள் எண்ணியதில் தவறில்லை. தாங்கள் அச்சிட்டபடி, இடப்பக்கம் ஒரு பெர்மாங்கனேட் அயனி, 8 ஹைட்ரஜன் அயனி, ஒரு ஃபெர்ரஸ் அயனி. வலப்பக்கம் ஒரு மாங்கனீசு அயனி, 4 நீர் மூலக்கூறு, ஒரு ஃபெர்ரிக் அயனி (அதே இரும்புதான், நேர்மின்சுமை ஒன்று கூடியது). மாங்கனீசு இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஆக்சிஜன் இங்கே 4, அங்கே 4. ஹைட்ரஜன் 8, 8. இரும்பு ஒன்று, ஒன்று. எல்லாம் நேராக இருக்கிறது. பிழை அங்கே இல்லை.

இப்போது மின்சுமையைக் கூட்டுங்கள். பெர்மாங்கனேட் அயனிக்கு எதிர்மின்சுமை 1. ஹைட்ரஜன் அயனிகளுக்கு மொத்தம் நேர்மின்சுமை 8. ஃபெர்ரஸ் அயனிக்கு நேர்மின்சுமை 2. ஆக இடப்பக்கம் 9. வலப்பக்கம் மாங்கனீசுக்கு 2, ஃபெர்ரிக் அயனிக்கு 3, நீருக்கு ஒன்றுமில்லை. ஆக 5. ஒன்பது எப்படி ஐந்தானது? மீதி 4 எங்கே போயிற்று? பொருளை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். மின்சுமைக்கும் அதே சட்டம்தான். அதை மட்டும் சமன்பாட்டைச் சரிபார்க்கும்போது எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

என் தகப்பனார் விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மாலையில் சிட்டையையும் பேரேட்டையும் வைத்துக்கொண்டு ஐந்தொகை போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்குக் கூட்டல் வந்தது. ஒருநாள் கணக்கு இடித்தது. வந்த மூட்டை எத்தனை, போன மூட்டை எத்தனை என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. ஆனால் பெட்டியில் இருக்கும் பணம் ஒத்துப்போகவில்லை. புதிதாக வந்த பையன் 5 மூட்டை வத்தலை வரவிலும் ஒன்று என்று எழுதி, பற்றிலும் ஒன்று என்று எழுதியிருக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்தால் மூட்டைக் கணக்கு எப்படிக் காட்டிக் கொடுக்கும்? பணப்பெட்டிதான் காட்டிக் கொடுத்தது. தங்கள் சமன்பாட்டில் நேர்ந்ததும் இதுவேதான், எண்கூட அதே 5. அணு மூட்டை என்றால் மின்சுமை பணம்.

வேதியியலே கணக்குப்பிள்ளைகளின் துறை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பிழைப்புக்குச் செய்த வேலை அரசனுக்காக வரி வசூலிக்கும் குத்தகைக் கூட்டத்தில் பங்காளியாக இருந்தது. வினைக்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து வரவு செலவு எழுதும் பழக்கம் அந்த மனிதருக்கு இருந்ததில் வியப்பில்லை. 1789இல் வெளியிட்ட தம் நூலில், திராட்சைச் சாறு புளிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு பக்கம் திராட்சைச் சாறு, நடுவில் சமக்குறி, மறு பக்கம் கார்பானிக் அமிலமும் (நாம் இன்று சொல்லும் கார்பன் டை ஆக்சைடு) ஆல்கஹாலும் என்று எழுதிக் காட்டினார். நாம் இன்று சமன்பாடு என்று சொல்வதன் வித்து அந்த வரியில் இருக்கிறது. வரி வசூலித்த குற்றத்துக்காகவே புரட்சிக்காரர்கள் 1794 மே 8 அன்று அவர் தலையை வெட்டினார்கள் என்பது வேறு கதை.

சரி, அந்த 5 எங்கிருந்து வருகிறது? மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடநூலின் முதல் அலகிலேயே அயனி-எலக்ட்ரான் முறை இருக்கிறது. வினையை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெர்மாங்கனேட் பாதியை எடுப்போம். அதில் ஒரு மாங்கனீசும் 4 ஆக்சிஜனும் இருக்கின்றன. வினை முடியும்போது மாங்கனீசு தனியாக நிற்கிறது. அந்த 4 ஆக்சிஜனும் போக்கிடம் தேடி நீராகின்றன. 4 நீர் ஆக வேண்டுமென்றால் 8 ஹைட்ரஜன் வேண்டும். அவை அமிலத்திலிருந்து அயனிகளாக வருகின்றன. அணுக்கணக்கு முடிந்தது. இப்போது மின்சுமை: இடப்பக்கம் 8இல் 1 போக நேர்மின்சுமை 7. வலப்பக்கம் மாங்கனீசுக்கு 2. இந்த 7ஐ 2ஆக இறக்க எதிர்மின்சுமையுள்ள எலக்ட்ரான்கள் 5 வேண்டும். ஆகவே ஒரு பெர்மாங்கனேட் அயனி 5 எலக்ட்ரான்களை வாங்குகிறது.

மறு பாதியில் ஃபெர்ரஸ் அயனி ஃபெர்ரிக் அயனியாகும்போது கொடுப்பது ஒரே ஓர் எலக்ட்ரான். வாங்குகிறவருக்கு 5 தேவை, கொடுக்கிறவரிடம் ஆளுக்கு ஒன்றுதான் இருக்கிறது என்றால் எத்தனை பேர் வர வேண்டும்? அந்த 5 இவ்வளவுதான். சேர்த்து எழுதிக் கூட்டினால் இடப்பக்கம் எதிர் 1, நேர் 8, நேர் 10, மொத்தம் 17. வலப்பக்கம் நேர் 2, நேர் 15, அதுவும் 17. இந்தப் பதினேழைப் பார்த்த பிறகுதான் பேத்தி பேனாவை எடுத்து நோட்டில் திருத்தினாள்.

"இரண்டு எண் விடுபட்டதால் என்ன குடி முழுகிவிட்டது" என்று தங்கள் இணைப்பைத் தயாரிக்கும் நண்பர் நினைக்கலாம். பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதைக் கரைத்து, எவ்வளவு பெர்மாங்கனேட் செலவாகிறது என்று அளந்து தரம் பார்த்து, தங்கள் சமன்பாட்டின்படி ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் 12 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று விடை வரும். மாத்திரையில் கலப்படம் என்று அந்தப் பிள்ளை உங்களுக்கே இன்னொரு கடிதம் எழுதும்.

செய்முறைத் தேர்வில் பெரும்பாலான பிள்ளைகள் தப்பித்துக்கொள்வார்கள், அதுவும் எனக்குத் தெரியும். கரைசலின் செறிவைச் சமான நிறையால் அளக்கும் நார்மாலிட்டி முறையில் கணக்குப் போடும்போது இந்த 5 கண்ணில் படுவதே இல்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு நிறை 158, சமான நிறை 31.6 என்று ஒப்பிப்பார்கள். 158ஐ எதனால் வகுத்தால் 31.6 வரும் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஒளிந்திருக்கும் 5 அதுதான். ஒளித்துவைத்தே கற்பித்த குற்றம் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் உண்டு.

சமன்பாட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஆய்வகத்தில் எதையோ சொல்கிறது. அந்த 8 ஹைட்ரஜன் அயனிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிப்பெட்டில் 20 மில்லி ஃபெர்ரஸ் கரைசலை எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, ஒரு சோதனைக் குழாய் நிறைய நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கச் சொல்கிறோமே, அது அந்த எட்டுக்காக. ஒருமுறை ஒரு மாணவி அமிலம் சேர்க்க மறந்துவிட்டாள். பெர்மாங்கனேட் இருந்த பியூரெட்டைத் திறந்ததும் ஊதா நிறம் மறைவதற்குப் பதில் குடுவையில் பழுப்பாக, தேயிலைக் கசடு போலக் கலங்கிக்கொண்டு வந்தது. பயந்துபோய் அழத் தொடங்கிவிட்டாள். ஹைட்ரஜன் அயனி போதாதபோது மாங்கனீசு கடைசிப் படிவரை இறங்காமல் பாதி வழியில் மாங்கனீசு டை ஆக்சைடாக நின்றுவிடுகிறது. அன்று மற்ற வேலையை நிறுத்திவிட்டு எல்லோரையும் அந்தக் குடுவையைச் சுற்றி நிற்க வைத்து, "அந்த எட்டு எங்கே போயிற்று என்று தேடுங்கள்" என்றேன். அந்த ஆண்டு அந்தச் சமன்பாட்டில் யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை.

கீழ் வகுப்புகளில் நடப்பது வேறு வகைத் தவறு. அங்கே அணுவை எண்ணுவதே கடைசியில்தான்; அதற்கு முன்பே வாய்பாட்டில் கை வைத்துவிடுவார்கள். சோடியத்தோடு குளோரின் சேர்ந்து சோடியம் குளோரைடு. குளோரின் இரட்டையாக வருகிறது, உப்பில் ஒன்றுதான் இருக்கிறது. சமன் செய் என்றால் என்ன செய்வார்கள்? உப்பின் வாய்பாட்டில் குளோரினுக்கு அடியில் ஒரு 2 போட்டுவிடுவார்கள். கணக்கு முடிந்தது! அப்படி ஓர் உப்பு உலகத்தில் எந்தக் கடலிலும் காய்வதில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையில், ஓர் ஆக்சிஜன் மிஞ்சுகிறதே என்று நீரின் வாய்பாட்டில் அதைத் திணித்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்துவிடும். ஒன்று குடிக்கிற பொருள், மற்றது புண்ணைக் கழுவுகிற பொருள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மறுபடி அந்தத் தவற்றைச் செய்வதில்லை. அடியில் இருக்கும் எண் பொருளின் உடம்பு, அதைத் தொடக்கூடாது. முன்னால் போடும் எண் எத்தனை உருப்படி என்பது. அதைத்தான் மாற்ற வேண்டும்.

அந்த அடி எண்ணைப் பற்றி ஒரு செய்தி. எழுத்துக் குறியீடுகளை 1813, 1814 ஆண்டுகளில் முறைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் அந்த எண்ணைத் தலைமேல்தான் எழுதினார். பின்னால் வந்தவர்கள் காலடிக்கு இறக்கினார்கள். தங்கள் அச்சகம் நடுவில் நிறுத்தியிருக்கிறது.

எண்ணும் முறையைக் கற்பிக்க நான் பயன்படுத்தியது அடுப்படி சிலிண்டர். அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. கணக்குக்கு வசதியாக முழுவதும் பியூட்டேன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். முதலில் கார்பனைப் பாருங்கள்: 4 கார்பன் டை ஆக்சைடு வரும். அடுத்து ஹைட்ரஜன்: 5 நீர். இரண்டு இடங்களில் சிதறிக் கிடக்கும் ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்தது இதற்காகத்தான். இப்போது வலப்பக்கம் எட்டும் ஐந்துமாக 13 ஆக்சிஜன் அணுக்கள். ஆக்சிஜனோ ஜோடியாகத்தான் வரும். ஆக ஆறரை மூலக்கூறு. வெப்பவேதியியல்காரர்கள் ஆறரை என்றே விட்டுவைப்பார்கள், தவறில்லை. பள்ளியில் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிடுவோம்: 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர்.

இத்தோடு விட மாட்டேன். எடையையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பியூட்டேனின் மூலக்கூறு நிறை 58, இரண்டுக்கு 116. ஆக்சிஜன் 13க்கு 416. கூட்டினால் 532. மறுபக்கம் கார்பன் டை ஆக்சைடு 352, நீர் 180. கூட்டினால் அதே 532. லவாய்சியரின் தராசு நேராக நிற்கிறது. இந்த விகிதத்தை 14.2 கிலோ சிலிண்டருக்குப் போட்டால் ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜனைக் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டு, 43 கிலோ கார்பன் டை ஆக்சைடையும் 22 கிலோ நீரையும் நம் அடுப்படியில் விடுகிறது. 22 கிலோ நீர் என்றால் 22 லிட்டர். ஒரு குடத்துக்கு மேல். "டீச்சர், தண்ணீர்ப் பஞ்சத்தில் சிலிண்டர் வாங்கினால் போதுமா?" என்று கேட்டாள் ஒருத்தி. சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த பெண். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

மின்சுமை விஷயம் புரிந்ததும் பேத்தி அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "அப்படியானால் அணுவும் சரி, மின்சுமையும் சரி என்றால் சமன்பாடு சரி என்று எழுதிவிடலாமா?" இந்தக் கேள்விக்காக நான் காத்திருந்தேன்.

எழுதிவிட முடியாது. அதே பெர்மாங்கனேட்டை ஹைட்ரஜன் பெராக்சைடோடு எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் ஊதா நிறம் மறைந்து ஆக்சிஜன் குமிழியிடும். 2 பெர்மாங்கனேட் அயனி, 6 ஹைட்ரஜன் அயனி, ஒரே ஒரு பெராக்சைடு. மறுபக்கம் 2 மாங்கனீசு அயனி, 4 நீர், 3 ஆக்சிஜன். எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் அணு இங்கே 10, அங்கே 10. ஹைட்ரஜன் 8, 8. மின்சுமை இங்கே 4, அங்கே 4. எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனாலும் தவறு. பெராக்சைடை மூன்றாக்கி, 6 நீர், 4 ஆக்சிஜன் என்று எழுதினாலும் ஒத்துப்போகும். ஏழாக்கி, 10 நீர், 6 ஆக்சிஜன் என்றாலும் ஒத்துப்போகும். இப்படி எழுதிக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. சரியானது ஒன்றுதான்: பெராக்சைடு 5, நீர் 8, ஆக்சிஜன் 5.

ஏன் என்று எலக்ட்ரான் கணக்கு சொல்லும். 2 பெர்மாங்கனேட் வாங்குவது 10 எலக்ட்ரான். ஒரு பெராக்சைடு கொடுப்பது 2. ஆக 5 பெராக்சைடு வேண்டும். வெளியே வரும் ஆக்சிஜன் முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது. 5 போனால் 5 வர வேண்டும். ஒரே ஒரு பெராக்சைடு போட்டு 3 ஆக்சிஜன் வருவது, ஒரு மூட்டை கொள்முதல் செய்து மூன்று மூட்டை விற்றது போல. ஏழு போட்டு ஆறு வருவது ஏன் ஒத்துப்போகிறது என்றால், மிச்சமிருக்கும் 2 பெராக்சைடு பெர்மாங்கனேட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் தானாகச் சிதைந்து 2 நீரும் ஓர் ஆக்சிஜனும் ஆவதாக எழுதியிருக்கிறோம். இரண்டு தனி வினைகளை ஒரே சிட்டையில் ஏற்றியதால் வந்த வினை இது. எந்த இயற்கணிதமும் இதைப் பிரித்துக் காட்டாது. பொருட்கள் 6. சமன்பாடுகளோ தனிமங்கள் மூன்றுக்கு மூன்று, மின்சுமைக்கு ஒன்று, ஆக 4. சமன்பாடுகளைவிடத் தெரியாத எண்கள் இரண்டு அதிகம். கைப்பேசிச் செயலியில் தட்டிப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

சிலிண்டருக்கும் இது பொருந்தும். 2 பியூட்டேனும் 9 ஆக்சிஜனும் சேர்ந்து 8 கார்பன் மோனாக்சைடும் 10 நீரும். எண்ணிப் பாருங்கள், ஒரு குறையும் கிடையாது. சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறேன். காற்றுப் போதாதபோது நடப்பது இந்தச் சமன்பாடு. பதின்மூன்றா ஒன்பதா என்று தாளில் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. எரியும்போது சுடர் நீலமா மஞ்சளா என்று எட்டிப் பார்க்க வேண்டும். அதனால்தான் சமன்பாடு எழுதச் சொன்னால் நான் முதலில் கேட்பது, குடுவையில் என்ன பார்த்தாய் என்பது. நிறம் மாறியதா, குமிழி வந்ததா, வீழ்படிவு விழுந்ததா? அதைச் சொல். பிறகு வாய்பாடு. பிறகு எண்ணிக்கை. பிறகு மின்சுமை. எலக்ட்ரான் கைமாறும் வினையானால் அந்தக் கணக்கையும் தனியாகப் பார்.

இனி, தங்களிடம் நான் கேட்பது.

சமன்பாட்டைத் திருத்தி, இரண்டு ஐந்துகளோடு வெளியிட வேண்டும். அது எளிது. எண்ணை மட்டும் திருத்திவிட்டுத் திங்கட்கிழமை போட்ட காரணத்தை அப்படியே விட்டுவிடக்கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். "அணுக்கள் சமம், எனவே பிழையில்லை" என்ற அந்த வாக்கியம் என் பேத்தியின் நோட்டில் ஒட்டப்பட்டிருப்பது போல இன்னும் எத்தனையோ நோட்டுகளில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு தவறான சமன்பாடு ஒரு வினாவைக் கெடுக்கும். தவறான சரிபார்ப்பு முறை அந்த இணைப்பில் இனி வரப்போகிற எல்லாவற்றையும் கெடுக்கும். அதைத் தனியாக, பெயர் சொல்லித் திரும்பப் பெற வேண்டும். முடிந்தால் அதே பக்கத்தில், அதே இடத்தில்; விளையாட்டுச் செய்திக்கு அடியில் அல்ல. பிள்ளைகள் கத்தரிக்கிற பக்கம் அதுதான்.

இணைப்பைத் தயாரிக்கும் நண்பர் மீது எனக்குக் கோபமில்லை. வாரத்தில் ஐந்து பாடத்துக்கு ஒருவரே எழுதுகிறார் என்று தோன்றுகிறது. உயிரியல் பக்கத்திலும் அதே நடை தெரிகிறது. அச்சுக்குப் போகும் முன் வேதியியல் பக்கத்தை மட்டும் யாராவது பார்த்துத் தர வேண்டுமென்றால் நான் வீட்டில்தான் இருக்கிறேன். கூலி வேண்டாம். காலை பத்து மணிக்கு முன் அனுப்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துக் கொடுத்துவிடுவேன்.

சரியான சமன்பாட்டை ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் பெரிதாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைத் தட்டச்சு செய்ய வேண்டாம். தட்டச்சு செய்தால் அடி எண்கள் மறுபடி எழுந்து நின்றுவிடும். தாளைப் படமெடுத்து அப்படியே போடுங்கள். அச்சாகும் முன் ஒருவர் கையில் கொடுத்து இடப்பக்கம் 17, வலப்பக்கம் 17 வருகிறதா என்று கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியை,
விருதுநகர்.